கீழே நின்று அளந்தவள்

என் பெண்டாட்டிக்கு ஊர் வைத்த பெயர் நாடாக்காரி. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. நானே எப்போதாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று பதறித் திரும்புவாள்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் மூடுபனியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காலை ஆறரை மணிக்கு எங்கள் மலைச்சரிவில் எந்த மரமும் முழுசாக இருக்காது. ஓரிடத்தில் அடிமரம் மட்டும் நிற்கும், இன்னோரிடத்தில் ஒரு கிளை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அதற்குள் அவள் முதலில் போவாள், நான் நோட்டோடு பின்னால் போவேன். கொஞ்ச நேரத்தில் அவளும் கரைந்துவிடுவாள், குரல் மட்டும் வரும். "நூத்திப் பதினேழு" என்று கேட்கும். அது மரத்தில் அடித்திருக்கும் தகட்டின் எண். அப்புறம் ஓர் இடைவெளி. அப்புறம் "ரெண்டு மீட்டர் பன்னெண்டு" என்று கேட்கும். அது மரத்தின் சுற்றளவு. நான் எழுதிக்கொள்வேன். சில நாள் அந்தக் குரல் அவளுடையதா, மரத்தினுடையதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள். பனிக்குள் நாலு மணி நேரம் நின்று பாருங்கள், உங்களுக்கும் வரும்.

ஆள் குள்ளம். பெரிய மரத்தை அளக்க நாடா பிடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்தது. அவள் நாடாவின் ஒரு நுனியைக் கன்னத்தால் மரத்தோடு அழுத்திக்கொண்டு, மறுநுனியை ஒரு வீசு வீசுவாள். அது மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வரும்போது லபக்கென்று பிடித்துவிடுவாள். மத்தியானம் சோறு சாப்பிட உட்காரும்போது அவள் இடது கன்னத்தில் பட்டையின் தடம் பதிந்திருக்கும். என்னைக் கட்டிப் பிடித்ததைவிட நீ மரங்களைக் கட்டிப் பிடித்ததுதான் ஜாஸ்தி என்று நான் சொன்னால், அதுங்க எதிர்த்துப் பேசுறதில்ல என்பாள்.

இந்த வேலை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் எதுவும் புரியாது. ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி வந்தது. உலகம் விடுகிற புகையை உங்கள் காடு விழுங்குகிறது, எவ்வளவு விழுங்குகிறது என்று மரங்களை அளந்து எடை போடுவோம், அந்த எடைக்குச் சான்றிதழ் எழுதி, புகை விடுகிறவர்களுக்கு விற்போம், உங்களுக்கும் ஒரு பங்கு என்றார்கள். கார்பன் என்றார்கள். ஊரில் அதைக் காத்துக் காசு என்றோம். வந்த பங்கில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றினோம், வாரம் ஒரு தடவை டாக்டர் வண்டி வந்தது. பொய் சொல்லக் கூடாது, நல்லதுதான் நடந்தது.

பதிலுக்கு நாங்கள் பச்சை மரம் வெட்டக் கூடாது. அதை எப்போதுமே வெட்டுவதில்லை. தேன், காய், இலை, விழுந்த விறகு எடுக்கக் காட்டுக்குள் போகிற பாதை எங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த வரிக்கு ஒரு வால் இருந்தது: காட்டின் எடை குறையாத வரை. எடை குறைந்தால் மூன்று வருடம் பாதை மூடப்படும். அந்த வாலை யாரும் சட்டை செய்யவில்லை. காடு என்ன நோஞ்சான் பிள்ளையா, இளைத்துப்போக? சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம்.

அளக்கிற வேலைக்கு ஊரிலிருந்து ஓர் ஆள் கேட்டார்கள். கூச்சப்படாமல் கையைத் தூக்கியது இவள் ஒருத்திதான். எழுதத் தெரிந்த புருஷன் கூட இருந்ததால் நான் ஓசியில் சேர்ந்துகொண்டேன். பயிற்சி கொடுத்தவர் நகரத்து ஆள். கம்பெனி அலுவலக முற்றத்தில் சிமெண்ட் தூண் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு சிவப்புக் குச்சியை நிறுத்தினார். மார்பளவு உயரம் இருக்கும். குச்சியின் தலை எந்த இடத்தில் முட்டுகிறதோ அந்த இடத்தில் நாடாவைச் சுற்று, அவ்வளவுதான் வேலை என்றார். இவள் தூணைப் பத்துத் தடவை அளந்தாள். பத்துத் தடவையும் சரியாக வந்தது. அவர் கை குலுக்கிவிட்டு மத்தியான வண்டிக்கே போய்விட்டார்.

அப்படி ஆரம்பித்ததுதான். அளக்க அளக்க அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. இந்த மரம் விடுகிற மூச்சை யார் வாங்கியிருப்பார்கள் என்று யோசிப்பாள். நூத்திப் பதினேழை ஒரு வயதான அம்மா வாங்கியிருக்கிறாள், கடல் தாண்டி இருக்கிற மகனைப் பார்க்க விமானத்தில் போகிறாள், ஜன்னல் ஓரத்து இடம், கீழே மேகம் தெரிகிறது, அந்த மேகத்தில் பாதி நம்ம ஊர்ப் பனிதான் என்பாள். இருநூத்தி நாலுக்கு வாய்த்தது ஒரு சிமெண்ட் ஆலை, பாவம், அதான் அப்படிக் கறுத்துக் கிடக்கு என்பாள். நான் கேட்டுக்கொண்டே நடப்பேன். எங்கேயோ ஓர் அம்மா ஏறிய விமானம் எங்கள் தலைக்கு மேலே சத்தமில்லாமல் போவது போலவும், மரங்கள் அதற்காக ஒரு பெருமூச்சு இழுப்பது போலவும் எனக்கும் தோன்றும். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அத்தனை பேச்சுப் பேசியதில்லை.

இப்போது முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் காடு முழுக்கச் சரிவு. எங்கள் ஆட்கள் எந்த மரத்துக்கும் கீழ்ப்பக்கமாகத்தான் போவார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தேன்கூடு தெரியும், பட்ட கிளை தெரியும். மேலேயிருந்து கல் உருண்டு வந்தால் மரம் நமக்கு மறைப்பு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான், இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் இவளும் கீழ்ப்பக்கம் நின்று, கீழ்ப்பக்கத்து மண்ணில் குச்சியை நிறுத்தி அளந்தாள். ஆயிரத்து இருநூறு மரம். சிமெண்ட் தூணுக்கு ஏது மேல்பக்கம், கீழ்ப்பக்கம்? நகரத்து ஆளுக்குச் சொல்லத் தோன்றவில்லை, எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் வருடம் மறு அளவை எடுக்கப் புது ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். முதல் அளவை எடுத்தவர் மறு அளவை எடுக்கக் கூடாதாம், அதுதான் முறையாம். இவளுக்கு வழிகாட்டுகிற வேலை. போன தடவை நாங்கள் பூசிய பெயிண்ட் கோடெல்லாம் பாசியில் மறைந்து தகடு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்த இரண்டு பேரும் ஒவ்வொரு மரத்துக்கும் மூச்சு வாங்கச் சுற்றி ஏறி, மேல்பக்கம் போய் நின்று அளந்தார்கள். ஒருத்தன் வழுக்கி மரத்தின் மேலேயே விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டான். இவள் வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அக்காளும் சகலையும் அன்றைக்கு வந்திருந்தார்கள். நாலு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. காட்டின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மரம் வெட்டப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. தணிக்கைக்கு வெளியிலிருந்து ஓர் அம்மா வருவார். ஊர்ச் சபை கூடி, வெட்டியதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். அதன்பின் மூன்று வருடம் பாதை மூடப்படும்.

ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பத்தில் ஒரு பங்கு என்றால் சும்மா இல்லை, யார் வெட்டியிருப்பார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். ஊரில் ஒரே தச்சர் என் சகலை. அதாவது இவள் அக்காளின் புருஷன். போன வருடம்தான் பட்டறையை ஓர் அறை தள்ளிக் கட்டியிருந்தார். கீழே நகரத்து மரக்கடையில் வாங்கிய பலகைக்கு அவரிடம் சீட்டு இருந்தது. சீட்டை யார் பார்த்தார்கள்? கட்டிலுக்குச் சொல்லியிருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். சபையிலிருந்து வந்து அவருடைய ரம்பங்களை எடுத்துப் போய்ப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அவர் தடுக்கவில்லை. பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கையை வெட்டிக்கொள்ளும் என்று மட்டும் சொன்னாராம்.

இவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்டியிருந்தால் தகடு காணாமல் போயிருக்க வேண்டும், ஒரு தகடுகூடக் குறையவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மரம் அங்கேயே நிற்கிறது, எடை மட்டும் எங்கே போகும் என்றாள். ஒரு நாள் காலையில் பனி இறங்கும் முன்பே என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். நூத்திப் பதினேழின் கீழே நின்று அளந்தாள். இரண்டு மீட்டர் பதினைந்து. ஐந்து வருடத்தில் மூன்று சென்டிமீட்டர் பருத்திருந்தது. சரிதானே என்றேன். அவள் நாலு காலில் தவழ்ந்து மரத்தைச் சுற்றி ஏறினாள். மேல்பக்கத்து மண்ணில் குச்சியை நிறுத்தினாள். குச்சியின் தலை, கீழே அளந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே போய் முட்டியது. அங்கே மரம் ஒல்லி.

"ஒண்ணு எண்பத்தொம்பது" என்றாள்.

அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. முப்பது மரம் ஆனபோது பனி நன்றாக இறங்கிவிட்டது. அவள் மேலே நிற்கிறாள், நான் கீழே நிற்கிறேன், நடுவில் மரம். எனக்கு அவள் தெரியவில்லை. எண்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. ஒவ்வொன்றும் ஒல்லியாக வந்தது. கனவில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எண் நின்றுபோனது. அப்புறம் அவள் சொன்னாள்.

"மரம் இளைக்கலங்க. நான்தான் குண்டா அளந்து வெச்சிருக்கேன்."

அன்றைக்கே கம்பெனி மேலாளரிடம் போனோம். தப்பு என்னுடையது, எங்க அக்கா வீட்டு மாமா மேல பழி போடாதீங்க என்று அவள் நோட்டை நீட்டினாள். மேலாளர் நல்ல மனிதர், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். எழுந்து கதவைச் சாத்தினார். எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். சரிவில் மேல்பக்கத்து மண்ணிலிருந்து அளப்பதுதான் முறை. மரம் வெட்டினார்கள் என்றால் அந்த நஷ்டத்துக்கென்றே ஒதுக்கி வைத்த சான்றிதழ் இருக்கிறது, அதை வைத்துச் சமாளித்துவிடலாம். மூன்று வருடம் பாதை மூடியிருக்கும், அப்புறம் எல்லாம் பழையபடி. ஆனால் முதல் அளவே தப்பு என்றால், இந்த ஐந்து வருடமும் இல்லாத எடையை விற்றிருக்கிறோம் என்று ஆகும். கம்பெனி திட்டத்தையே மூட்டை கட்டினாலும் கட்டும். டாக்டர் வண்டி போகும், எல்லாம் போகும்.

"உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா சும்மா கிடக்கிற சங்க ஊதிக் கெடுக்காதீங்க" என்றார்.

இவளுக்கு அடுத்த மாதத்திலிருந்து நிரந்தர வேலைக்கு எழுதியிருப்பதாகவும் போகிற போக்கில் சொன்னார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை அவர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தணிக்கை அம்மா வர இன்னும் பதினொரு நாள் இருந்தது.

இங்கே நான் என் வண்டவாளத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் முன்னால் நடந்தாள். நான்தான் பேசினேன். யாரும் வெட்டவில்லை என்பது கடவுளுக்குத் தெரியும், மூன்று வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும், சகலை கெட்டிக்காரர், நகரத்தில் வேலை கிடைக்கும், நீ வாயைத் திறந்தால் ஊருக்கே டாக்டர் வண்டி இல்லாமல் போகும், அந்தப் பாவம் யாருக்கு என்று அடுக்கினேன். நிரந்தர வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது மட்டும்தான் மனதில் இருந்தது, அதனால் சொல்லவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது எங்கள் வீட்டில்தான் குடியிருந்தது.

அவள் நான் சொன்னதைக் கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் நான் சொன்னதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த நாட்கள் எனக்கு இன்றும் தெளிவாக நினைவில்லை. பகலிலும் பனி விலகாத நாட்கள். அவள் சும்மா காட்டுக்குள் போய் மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். தூக்கத்தில் அவள் கைகள் காற்றில் எதையோ சுற்றிப் பிடிக்கும். ஒரு விடியற்காலையில் எழுந்து, கனவுல மரமெல்லாம் சுருங்கிச் சுருங்கி என் சோற்று டப்பாவுக்குள்ள அடங்கிடுச்சுங்க, மூடி போட முடியல, அக்கா வந்து மூடிக் கொடுத்தா என்றாள். அக்காளை அன்றைக்கே பார்க்கப் போனாள். எதற்குப் போனாள் என்று தெரியவில்லை. சொல்லத்தான் போனாள் என்று நினைக்கிறேன். பட்டறையில் சகலை வெறும் கையோடு உட்கார்ந்து, ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாராம். வா என்றாராம். இவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். அதற்கு மறுநாளிலிருந்து அக்காள் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். சபை ரம்பங்களை எடுத்துப் போனபோது தன் புருஷனுக்காகத் தங்கை வீட்டிலிருந்து ஒரு சத்தம்கூட எழவில்லையே என்று அவளுக்கு ஆதங்கம். நியாயமான ஆதங்கம்தான்.

பதினொன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் சபை கூடியது. பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். தணிக்கை அம்மா கரும்பலகைக்கு முன்னால், பக்கத்தில் மேலாளர். ஒப்புதல் கடிதத்தைச் சபைத் தலைவி வாசித்தாள். கடைசி வரியில் வெட்டியவர் பெயருக்கு ஓர் இடம் விட்டிருந்தது. யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். சகலை எழுந்தார். பேனாவைக் கொடுங்க என்றார். பாதை மூடுறது மூடத்தான் போறீங்க, என் ஒருத்தன் பெயரோட போகட்டும், ஊர்ல ஒருத்தனை ஒருத்தன் பார்த்துப் பேசிக்கணும் இல்லையா என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. நிமிர்ந்தபோது இவள் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, பேனாவ வைங்க. யாரும் ஒரு மரமும் வெட்டல. நான் தப்பா அளந்துட்டேன்."

முதலில் யாரும் நம்பவில்லை. அக்கா புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று பின்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். மேலாளர் தணிக்கை அம்மாவிடம் குனிந்து என்னவோ சொன்னார். இவள் வாயாலே சொல்லிப் பயனில்லை என்று குச்சியையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சரிவு, அங்கே ஒரு பெரிய மரம். ஊரே பின்னால் வந்தது. அவள் எப்போதும் போலக் கீழே நின்று அளந்து எண்ணைச் சொன்னாள். அப்புறம் மேலே ஏறி அளந்து எண்ணைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கிழவர் ஒருத்தர், மரத்துக்கு மேலே போய் எதுக்கும்மா நிக்கிறே, கல் உருண்டா என்ன ஆகும் என்று அதட்டினார்.

தணிக்கை அம்மா அவரையே திரும்பிப் பார்த்தார். இங்கே எல்லோருமே கீழேதான் நிற்பீர்களா என்று கேட்டார். வேறே எங்க நிப்பாங்க என்றார் அவர். அந்த அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தானே சரிவில் ஏறினார். இரண்டு தடவை வழுக்கி, சேலையெல்லாம் மண்ணாகி மேலே போய் நின்று அளந்தார். கீழே இறங்கி வந்து அளந்தார். பிறகு நோட்டைக் கேட்டார். நோட்டு என் மடியில் இருந்தது. அன்று முப்பது மரத்தையும் இரண்டு விதமாக எழுதிய பக்கம் அதில் இருந்தது. பக்கத்தின் தலையில் தேதி இருந்தது. அந்த அம்மா தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா மரங்களையும் ஒரு மாதம் திரும்ப அளந்தார்கள். காடு இளைக்கவில்லை, கொஞ்சம் பருத்திருந்தது. பாதையை மூடவில்லை. சகலையின் ரம்பங்கள் திரும்பி வந்தன, கொண்டு போனவர்களே கொண்டு வந்து வைத்துவிட்டுத் தலை குனிந்து போனார்கள். கம்பெனி அதிகமாக விற்றதை ஈடுகட்ட வேண்டி வந்தது, மூட்டை கட்டவில்லை. ஆனால் எங்கள் பங்கு சிறுத்தது. டாக்டர் வண்டி வாரம் ஒன்று வந்தது மாதம் ஒன்றானது. இவள் வேலை அன்றைக்கே போனது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இன்றும் இரண்டு பேர் காதில் விழும்படி சொல்வார்கள். சபைத் தலைவி ஒரு காரியம் செய்தாள். புது ஒப்பந்தத்தில் அந்த வாலை வெட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். எடை கூடினாலும் குறைந்தாலும் பாதை எங்களுக்கே. எந்த எண்ணும் ஊரை விட்டுப் போகும் முன் சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும், சந்தேகம் கேட்க எங்களுக்கு ஒரு மாதம் அவகாசம் என்றும் எழுத வைத்தாள். கையெழுத்துப் போடும்போது இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சபை முடிந்த அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் சகலை வீட்டுக்குப் போனோம். அக்காள் ஓடி வந்து இவளைக் கட்டிக்கொண்டாள். என் மானத்தக் காப்பாத்திட்டடி என்று அழுதாள். சகலை பட்டறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வாங்க என்றார். இவள் உள்ளே போகவில்லை. அக்காளின் கையை மெல்ல விலக்கிவிட்டு நின்றாள். நான் அவள் முழங்கையைத் தொட்டேன். இதை விட்டுவிடு, இதை யார் கேட்டார்கள் என்று அர்த்தம். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மாமா, எனக்கு இது இன்னிக்குத்தான் தெரிஞ்சதுன்னு இல்ல. பதினொரு நாளா தெரியும்."

சகலை வாசல்படியை விட்டு இறங்கி வந்தார். பிறகு, தண்ணி வாங்கிக் குடிச்சியே, அன்னிக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் மாமா என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கும் தெரியும்ணே, சொல்ல வேணாம்னு சொன்னதே நான்தான் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் அங்கே நின்றதால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பட்டறைக்குள் போனார். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குப் போயிட்டு வா. இன்னொரு நாள் பேசலாம்."

அந்த இன்னொரு நாள் வர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் தினம் காலையில் அக்காள் கூடையோடு காட்டுப் பாதையில் ஏறுவாள். என் பெண்டாட்டி அவளுக்குப் பத்தடி பின்னால் ஏறுவாள். பனி இறங்கும்போது முன்னால் போகிறவள் ஒரு நிமிஷம் நிற்பாள், பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பாள், திரும்பாமல் மறுபடி நடப்பாள்.